அமலதாஸ் குழி

என் புருஷன் பெயரில் நிலவில் ஒரு குழி இருக்கிறது. பெரிய குழிகளுக்கெல்லாம் செத்துப்போன அறிஞர்களின் பெயரை வைத்துவிட்டார்கள். சின்னக் குழிகளுக்கு, ஆள் யாரென்று சொல்லாமல் வெறும் முதல் பெயரை மட்டும் வைப்பது வழக்கம். அதனால் வரைபடத்தில் 'அமலதாஸ்' என்று மட்டும் இருக்கும். எந்த அமலதாஸ் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடம் அதற்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான் அகலம்.

விண்கல் விழுந்து அந்தக் குழி உண்டானது என்றும், விழுந்த இடத்தில் அமலதாஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் என் கூடப் பிறந்த தம்பி ரெமிஜியுஸ். ஆறு வருஷம் நம்பினேன். இவ்வளவு பெரிய வானத்தில் ஒரு கல்லுக்கு என் வீட்டுக்காரர் தலைதான் கிடைத்ததா என்று கடவுளோடு சண்டை போட்டேனே தவிர, தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிலவிலிருந்து கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாக்கா, மாத்திரை போட்டீங்களாக்கா என்று விசாரிக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

என் தொழிலே குழி வாசிப்பது. ஒரு குழியின் ஆழம், விளிம்பு, வெளியே சிதறிக் கிடக்கும் மண்ணின் போக்கு எல்லாவற்றையும் அளந்து கொடுத்தால், என்ன விழுந்தது, எந்தப் பக்கமிருந்து விழுந்தது, என்ன வேகத்தில் விழுந்தது என்று படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிற மாதிரி காட்டிவிடும் ஒரு நிரலை நானும் என் குழுவும் எழுதியிருந்தோம். நிலவில் வீடு கட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். தலைக்கு மேலே என்னென்ன விழும் என்று தெரியாமல் யார் கூரை போடுவார்கள்? கரைமேட்டுக் குடியிருப்பைப் பெரிதாக்கப் போகிறார்கள், சுற்றியுள்ள சின்னக் குழிகளை எல்லாம் வாசித்துத் தர வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, நானே போகிறேன் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். அவர் செத்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கரைமேடு நிலவின் தென்முனையில் பனி எடுக்கிற இடம். வெயிலே படாத பள்ளங்களின் அடியில், மண்ணுக்குக் கீழே பனி கிடக்கிறது. வேலைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தூத்துக்குடிப் பக்கம். ஊருக்குப் பக்கத்தில் ராக்கெட் தளம் வந்த பிறகு, கடலுக்குப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மேலே போக ஆரம்பித்தார்கள். போகும்போது ஒரு வழக்கத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள். முத்துக்கும் சங்குக்கும் முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை, படகில் நின்று அவன் மச்சான்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்ற கணக்கு. நிலவுப் பள்ளத்தில் இறங்குகிறவனுக்கும் அதே ஏற்பாடு. இடுப்பில் கயிறு, கயிற்றுக்குள் பேச்சுக் கம்பி, மேலே கரையில் மச்சான். பள்ளத்தின் அடியிலிருந்து வானொலி வெளியே எட்டாது. அதனால் கீழே இருப்பவனுக்காகக் கரையில் இருப்பவன்தான் மற்றவர்களிடம் பேசுவான். அமலதாஸுக்குக் கயிறு பிடித்தவன் ரெமி.

போய் இறங்கிய அன்று, கரைமேடே என்னைத் தாங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு முதல் தட்டு. கருவாட்டுத் தூளில் குழம்பு வைத்து, அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி, மைனிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரெமி இப்போது அவர்களுக்கு மேஸ்திரி. தலை முன்புறம் வழுக்கை விழுந்து, அப்பா மாதிரியே இருந்தான். நான் வாசிக்க வேண்டிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இந்த ஒண்ணை மட்டும் விட்ருங்கக்கா. நீங்க பார்த்துத் தாங்க மாட்டீங்க."

பாசம் என்று நினைத்தேன். கண் கலங்கி அவன் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். இப்போது அதை நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல வருகிறது.

மற்றக் குழிகளை முடித்துவிட்டுக் கடைசியில் அங்கே போனேன். என்னைக் கூட்டிப் போனது லூர்தம்மாள். ஐம்பது வயது தாண்டியவள்; மண் அள்ளும் வண்டியும் ஓட்டுவாள், அடுப்படியையும் பார்ப்பாள். கரைமேட்டில் அமலதாஸுக்கு முன்பிருந்தே இருப்பவள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள், அந்தப் பள்ளத்தின் கரை வந்ததும் மளமளவென்று கயிறு கட்டி என்னை இறக்கிவிட்டாள். பள்ளத்தின் அடியில், விளக்கு வெளிச்சத்தில், அந்தச் சின்னக் குழி கிடந்தது. முழந்தாளிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. கருவியை வைத்து அளக்க ஆரம்பித்தேன்.

அளந்து முடிப்பதற்கு முன்பே எதுவோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மேலே ஏறி வந்ததும், என்ன சொல்லுது உன் கருவி என்று லூர்தம்மாள் கேட்டாள்.

"அக்கா, சேத்துல ஒரு கல்லை ஓங்கி எறிஞ்சா என்ன ஆகும்?"

"ஆழமாப் போகும்."

"காலி டின்னை எறிஞ்சா?"

"அகலமா விழும். ஆழம் போகாது. நடுவுல மண்ணு மேடாட்டம் நிக்கும்."

"இதுல நடுவுல மேடு இருக்கு. விண்கல்லு வர்ற வேகத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல. விழுந்தது பெருசா, உள்ளே ஒண்ணுமில்லாத ஏதோ ஒண்ணு. மனுஷன் செஞ்சது. எங்கிட்ட எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கீங்க."

லூர்தம்மாள் வண்டியைக் கிளப்பவில்லை. அங்கேயே, ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பனியை மூடிக் கிடக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பது மெதுவான வேலை. மேலே சுற்றுகிற கப்பலிலிருந்து காலி எரிபொருள் தொட்டியைப் பள்ளத்தில் போட்டால், விழுகிற வேகத்தில் மண் சிதறிப் பனி வெளியே தெரியும். பனி எடுக்கிற நிறுவனம் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து தொட்டி போடுவதே வழக்கமாகிவிட்டது. முதலில் தூரத்தில் போட்டார்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் குடியிருப்பு ஆடியது. சிதறிய தூசி உடுப்பின் மூட்டுகளை அரித்து, இரண்டு பேர் வெளியில் காற்றுக் கசிந்து செத்துப்போனார்கள். அமலதாஸ்தான் எல்லாரையும் சேர்த்தார். தொட்டி போடுவதற்கு முன் கப்பலிலிருந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவர் 'உள்ளே' என்று சொல்ல வேண்டும், அதாவது குடியிருப்புக்குள் பத்திரமாக இருக்கிறேன் என்று. ஒரே ஒருவர் 'வெளியே' என்று சொன்னாலும் தொட்டி போட முடியாது, அது சட்டம். அடுத்த தொட்டி வருகிற அன்றைக்கு நாம் எல்லாரும் வெளியே நிற்போம், எல்லாரும் 'வெளியே' என்று சொல்வோம் என்று அவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். தான் பள்ளத்துக்குள்ளேயே போய் உட்காருவதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

"அகர வரிசையில முதல் பேரு அவன் பேருதான். கூப்பிட்டாங்க. 'உள்ளே'ன்னு பதில் போச்சு. தாஸுக்குப் பயம் வந்துட்டு பிள்ள. எங்களைச் சேர்த்தவனே பின்வாங்கினா நாங்க என்ன செய்ய? நாங்களும் உள்ளேன்னு சொல்லிட்டு ஓடினோம். பெறகு வெட்கப்பட்டு அவன் மறுபடியும் பள்ளத்துல இறங்கியிருக்கான். தொட்டி வந்து விழுந்துட்டு. இதை உங்கிட்ட எப்படிச் சொல்லுவோம்? அதான் விண்கல்லுன்னு."

ஒருவிதத்தில் நிறுவனத்துக்கும் அது வசதியாக இருந்ததாம். நீங்கள் விண்கல் என்று சொல்லுங்கள், நாங்கள் இனிமேல் தொட்டியை மலைக்கு அந்தப் பக்கம் போடுகிறோம் என்று பேசி முடித்துவிட்டார்கள். அவர் கேட்டது அவர் செத்த பிறகு நடந்தது.

குடியிருப்புக்குத் திரும்பும் வழியில் எனக்கு லூர்தம்மாள் மேல் கோபம் வரவில்லை. அமலதாஸ் மேல்தான் வந்தது. ரேஷன் கடை வரிசையில் எவனாவது இடையில் நுழைந்தாலே சட்டையைப் பிடிக்கிற மனுஷன். வாய் மட்டும்தானா? இத்தனை பேரை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு, என்னையும் விட்டுவிட்டுப் போனாரா? அவர் படத்துக்கு முன்னால் நான் ஏற்றிய மெழுகுவர்த்திகளை எல்லாம் நினைத்து எரிச்சலாக இருந்தது. வீரனுக்கு ஏற்றுகிறோம் என்று நினைத்து ஏற்றியவை அவை.

ரெமி கயிற்று அறையில் இருந்தான். மாட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. லூர்தக்கா சொல்லிட்டாவளா என்றான். ஆமாம் என்றேன். அவன் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தான் மேல கோவப்படாதீங்க, யாருக்கும் அந்த நேரத்துல பயம் வரும், எங்கிட்ட அழாத குறையா 'உள்ளேன்னு சொல்லிருடா'ன்னு கேட்டாவ, நான் சொன்னேன் என்றான்.

என் கை அவன் கைக்குள்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் கயிறு சுற்றுகிற இயந்திரம் தெரிந்தது.

"சரி. சொல்லச் சொன்னாரு, நீ சொன்னே. சொன்னதும் கயித்தை இழுத்தியா?"

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"பயந்தவரு மேலே வரணும்லா? நீ இழுத்தாத்தானே வர முடியும்? உள்ளேன்னு சொன்ன பிறகு தொட்டி வந்து சேர எவ்வளவோ நேரம் இருந்திருக்கு. லூர்தக்கா, மறுபடியும் இறங்கினார்ங்கிறாவ. மறுபடி இறங்குறதுக்கு எப்ப மேலே வந்தாரு? ரெமி, கயித்தை இழுத்தியா, இல்லையா?"

"இழுக்கல."

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவன் அழுதிருப்பான், அழுகையோடு பேச்சு முடிந்திருக்கும். நின்றுகொண்டே இருந்தேன். அவனே சொன்னான்.

முதல் நாள் மாலையில் கப்பலிலிருந்து யாரோ அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். 'வெளியே' என்று சொல்கிறவர்கள் அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டியிருக்கும், பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது என்று. அவனுக்கு மட்டும்தான் சொன்னார்களா, எல்லாருக்கும் சொன்னார்களா, தெரியாது. கரையில் நின்றபோது முதல் பெயராக அமலதாஸைக் கூப்பிட்டார்கள். கம்பியில் கீழேயிருந்து அவர் கேட்டாராம்.

"என்ன கேட்டாரு?"

"'எல்லாரும் நிக்காங்களாலே'ன்னு கேட்டாவ. நிக்காங்க அத்தான்னேன். அப்ப எல்லாரும் நின்னாங்க அக்கா, அது பொய்யில்ல. பெறகு, அத்தான் பேருக்கு வெளியேன்னு சொன்னாலும் சொன்ன வாய் என் வாய்தானேன்னு பயந்து, இந்தப் பக்கம் திரும்பி, வானொலியில உள்ளேன்னு சொன்னேன். நான் ஒருத்தன் சொன்னா என்ன, மத்தவங்க பத்துப் பேரு இருக்காங்கள்லா, எவனாவது வெளியேன்னு சொல்லுவான், தொட்டி நின்னுரும், எம் பேரு கெட்டுப்போகாதுன்னு நினைச்சேன். ஒருத்தனும் சொல்லல. கடைசிப் பேரு வரைக்கும் உள்ளே, உள்ளேன்னே போச்சு. எல்லாரும் ஓடினாங்க. நானும் கயித்தைப் போட்டுட்டு ஓடினேன்."

கீழே உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் தெரியாது. மேலே தனக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, இருட்டில், நிம்மதியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கொஞ்சம் முன்பு அவரைக் கோழை என்று திட்டியது ஞாபகம் வந்தது. ரெமியின் மேல் எனக்கு வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. என் அம்மா வயிற்றில் எனக்குப் பிறகு அதே இடத்தில் கிடந்தவன் என்பதை நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

வா என்றேன். எங்கே என்றான். சாப்பாட்டுக் கூடத்துக்கு என்றேன். "ஆறு வருஷமா அவரு பயந்துட்டார்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க முன்னாடி நீ உன் வாயால சொல்லு."

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் இன்னும் கரைமேட்டில்தான் இருக்கிறார்கள்; ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. ரெமி கூடத்தின் நடுவில் நின்று சொன்னான். எங்கேயும் தடுமாறவில்லை, எதையும் குறைக்கவில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இனி யாராவது எழுந்து அவன் சட்டையைப் பிடிப்பார்கள், எங்கள் தாஸைப் போய் இப்படி நினைத்தோமே என்று யாராவது நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள் என்று நான் காத்திருந்தேன். என் புருஷனுக்காக அந்த ஒரு சத்தம் போதும் எனக்கு.

ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. இரண்டு பேர் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். லூர்தம்மாள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும் பிள்ள."

"என்ன தெரியும்?"

"ரெமி குரல் தெரியாதா? இத்தனை வருஷம் ஒண்ணா வேலை பார்க்கோம், தாஸ் சொல்லாம அவனாத்தான் சொல்லுதான்னு தெரியாதா? கயிறு கீழே கிடந்ததையும் பார்த்தோம். ஓடும்போது அதைத் தாண்டித்தான் ஓடினோம். யாராவது ஒருத்தரு முதல்ல உள்ளேன்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் எல்லாரும் நின்னோம். அவன் சொன்னதும் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. பயந்துட்டான், மறுபடியும் இறங்கினான்கிறதெல்லாம் பெறகு நாங்களாப் பேசிக்கிட்டது. பேசப் பேச அதுவே நிசம் மாதிரி ஆயிட்டு."

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்ததிலிருந்து எனக்கு ஊற்றிய குழம்பு, மைனி மைனி என்று தாங்கிய தாங்கல், வருஷா வருஷம் அந்தக் குழியின் கரையில் இவர்கள் செய்வதாக ரெமி சொல்லியிருந்த ஜெபம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. ஒருவன் ஏமாற்றியிருந்தால் அவனைச் சபித்துவிட்டு மற்றவர்களிடம் போய் அழலாம். இங்கே அழுவதற்கு ஒரு தோள்கூட மிச்சமில்லை.

என் வாசிப்பை இன்றே விசாரணைக்காகப் பூமிக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். விழுந்தது தொட்டி, கீழே ஆள் இருந்தார், எல்லாருக்கும் தெரியும் என்று அதில் இருக்கும். செத்தவருடைய மனைவி தனியாகச் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு இங்கே இருந்தவர்களில் ஒருவராவது சாட்சியாகக் கட்டைவிரல் வைக்க வேண்டும். வைக்கிறவரின் வாக்குமூலமும் சேர்ந்து போகும். விசாரணை அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கருவியை மேஜையின் நடுவில் வைத்தேன். எத்தனை பேர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றும் சொன்னேன்.

கரைமேட்டை மூடிருவாங்களே மைனி என்றான் செல்வின் என்பவன். மூடலாம் என்றேன். தொட்டியை மறுபடி இங்கே கொண்டுவந்துருவாங்களே என்றது இன்னொரு குரல். லூர்தம்மாள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வைப்பாள் என்று நான் நினைத்தேன். கடைசி வரைக்கும் நினைத்தேன்.

ரெமி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையின் மேல் குனிந்து, கட்டைவிரலை அழுத்தி வைத்தான். கருவி அவன் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொண்டது.

அப்போது அந்தக் கூடத்தில் பத்துப் பேரும் மூச்சு விட்டார்கள். நான் காதால் கேட்டேன். தட்டுகள் நகர ஆரம்பித்தன, ஒருவர் கை கழுவ எழுந்தார், எங்கேயோ ஒரு தண்ணீர்க் குழாய் திறந்தது. செல்வின் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஒருத்தரு வச்சாப் போதும்லா மைனி?"

"போதும்" என்றேன். "அன்னைக்கும் ஒருத்தர்தான் வேண்டியிருந்துச்சு."